சரக்குக் கப்பலின் என்ஜின் ரூமிலிருந்து கடலின் கரியமில வாயுவை அளப்பது எப்படி?

சரக்குக் கப்பலில் கரியமில வாயு அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால், பெரும்பாலானவர்கள் புகைபோக்கியைத்தான் நினைக்கிறார்கள். கப்பல் எவ்வளவு புகை விடுகிறது என்று கண்காணிக்கும் ஏதோ ஏற்பாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓரளவு விவரம் தெரிந்தவர்களோ, தண்ணீரில் ஒரு சென்சாரை நனைத்துவைத்தால் அதுபாட்டுக்கு எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் என்று நம்புகிறார்கள். இரண்டுமே தவறு. இந்தக் கருவி அளப்பது கப்பல் கடந்துபோகும் கடல்நீரை. அது ஆளில்லாமல் ஓடும், உண்மைதான். ஆனால் அது தரும் எண்ணை நம்பலாமா என்பதை முடிவு செய்வது, ஃபில்டரைக் கழுவுவது, குழாய் இணைப்பை இறுக்குவது போன்ற சாதாரண வேலைகள். அந்த வேலைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எதற்காகச் சரக்குக் கப்பல்?

மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில், அதாவது கரியமில வாயுவில், ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். இதைக் கேட்டதும் கடல் எல்லா இடத்திலும் ஒரே சீராக உறிஞ்சிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். அப்படியில்லை. வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த பகுதிகள் நிறைய வாங்கிக்கொள்கின்றன. பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஆழத்துத் தண்ணீர் மேலே வருவதால், அங்கே கடல் கரியமில வாயுவைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எல் நினோ வரும் ஆண்டுகளில் அந்தத் தண்ணீர் மேலே வருவது தளர்ந்து, கொடுப்பதும் குறைகிறது. பால்டிக் கடலில் ஒரே இடத்திலேயே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் அளவு இரண்டு மடங்குக்கு மேல் மாறும்.

இவ்வளவு மாறும் ஒன்றை எப்போதாவது ஒருமுறை போய் அளந்து பயனில்லை. செயற்கைக்கோள் கடலின் வெப்பநிலையைப் பார்க்கும், பாசியின் பச்சை நிறத்தைப் பார்க்கும், காற்றின் வேகத்தைக் கூடக் கணிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆராய்ச்சிக் கப்பல்கள் குறைவு, செலவும் அதிகம். சரக்குக் கப்பலோ எப்படியும் போய் வந்துகொண்டேதான் இருக்கிறது, அதுவும் ஒரே வழியில், ஆண்டு முழுக்க, புயல் மாதங்களிலும்.

அதனால்தான் ஜப்பானின் தேசிய சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 1995-இல் ‘ஸ்கௌக்ரான்’ என்ற சரக்குக் கப்பலில் கருவியை வைத்து வட பசிபிக்கை அளக்கத் தொடங்கியது. பின்னர் ஜப்பானிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குக் கார் ஏற்றிச் செல்லும் ‘டிரான்ஸ் ஃபியூச்சர் 5’ கப்பலிலும் வைத்தது. ஜெர்மனியிலிருந்து ஹெல்சின்கி போகும் வழியில் 2003-இல் ‘ஃபின்பார்ட்னர்’ கப்பலில் தொடங்கிய பால்டிக் அளவீட்டை, பின்னர் வந்த ‘ஃபின்மெய்ட்’ தொடர்ந்து வருகிறது. டென்மார்க்கிலிருந்து கிரீன்லாந்துக்குச் சரக்கு கொண்டுபோன ‘நூகா ஆர்க்டிகா’வில் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகம் கருவி வைத்திருந்தது.

சோடா பாட்டிலின் கழுத்து

கருவி எப்படி வேலை செய்கிறது என்று புரிய ஒரு கோலி சோடா போதும்.

மூடியிருக்கும் சோடா பாட்டிலில் குமிழி வருவதில்லை. தண்ணீருக்கு மேலே கழுத்துப் பகுதியில் கொஞ்சம் வாயு அடைந்து கிடக்கிறது. தண்ணீரிலிருந்து எவ்வளவு வாயு கழுத்துக்கு ஏறுகிறதோ, அவ்வளவே கழுத்திலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. கோலியை அழுத்தித் திறந்தால் கழுத்தில் இருந்த வாயு வெளியே ஓடிவிடுகிறது. உடனே தண்ணீர் தன்னிடம் உள்ளதைக் குமிழியாக விடத் தொடங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மூடிய பாட்டிலின் கழுத்தில் உள்ள வாயுவை அளந்தாலே தண்ணீரின் நிலை தெரிந்துவிடும் என்பதுதான். தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல வாயுக்கள் கலந்திருக்கும் இடத்தில் மொத்த அழுத்தத்தில் ஒரு வாயுவின் பங்கை மட்டும் பகுதி அழுத்தம் என்கிறோம். கரியமில வாயுவின் பகுதி அழுத்தம் மிகச் சிறியது என்பதால், வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அலகாக வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் மைக்ரோ அட்மாஸ்பியர். இன்றைய காற்றில் கரியமில வாயு 420 பிபிஎம்மைத் தாண்டிவிட்டது, அதாவது பத்து லட்சம் மூலக்கூறுகளில் 420-க்கு மேல். கடல் மட்டத்தில் அதன் பகுதி அழுத்தமும் ஏறக்குறைய அதே எண்ணை ஒட்டித்தான், நீராவியின் பங்கு போகக் கொஞ்சம் குறைவாக, இருக்கும்.

வாயு எப்போதும் பகுதி அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகும். கடல்நீரில் 380, மேலே உள்ள காற்றில் 415 என்றால் கடல் வாங்குகிறது. கடலில் 450 என்றால் கொடுக்கிறது. எவ்வளவு வேகமாக என்பதைக் காற்றின் வேகம் பெரிதும் தீர்மானிக்கும். எந்தத் திசையில் என்பதை இந்த இரண்டு எண்களின் வித்தியாசம் மட்டுமே சொல்லும்.

சோடா இன்னொன்றையும் காட்டுகிறது. வெயிலில் சூடான பாட்டிலைத் திறந்தால் பீய்ச்சி அடிக்கும். தண்ணீர் சூடானால் வாயுவைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்து, பகுதி அழுத்தம் கூடுகிறது. கடல்நீருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்: 1 டிகிரி செல்சியஸ் கூடினால் பகுதி அழுத்தம் சுமார் 4.23 சதவீதம் கூடும். 400 மைக்ரோ அட்மாஸ்பியருக்கு அது கிட்டத்தட்ட 17.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: கருவி தேடுவது கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான பகுதி அழுத்த வித்தியாசத்தை. தண்ணீரோடு சமநிலைக்கு வந்த காற்றை அளந்தால் தண்ணீரின் எண் கிடைத்துவிடும். வெப்பநிலை மாறினால் அந்த எண்ணும் மாறும்.

கப்பலுக்குள் என்ன இருக்கிறது?

கடல்நீர் உள்ளே வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே கருவி இருக்க வேண்டும் என்பதால், சரக்குக் கப்பல்களில் அது பெரும்பாலும் என்ஜின் ரூமில்தான் இருக்கும். வெக்கை, ஓயாத அதிர்வு, காற்றில் எண்ணெய்ப் பிசுக்கு. ஆய்வுக்கூடத்துக்கு நேர் எதிரான இடம்.

கப்பலின் அடிப்பகுதியில் உள்ள கடல்நீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை எடுக்கிறார்கள். தண்ணீர் ஒரு ஃபில்டரைத் தாண்டி, ஈக்விலிபிரேட்டர் என்ற மூடிய கலத்துக்குள் வருகிறது. இதுதான் நம் சோடா பாட்டிலின் கழுத்து. உள்ளே தண்ணீர் ஷவர்போலத் தெளித்துக் கொட்டும். கலத்தின் மேல்பாதியில் காற்று இருக்கும். சிறுசிறு துளிகளாக விழும் தண்ணீரும் அந்தக் காற்றும் சில நிமிடங்களில் சமநிலைக்கு வந்துவிடும். புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருப்பதால், காற்றுக்குக் கொடுத்தோ காற்றிலிருந்து வாங்கியோ தண்ணீர் தன் தன்மையை இழப்பதில்லை. காற்றுதான் தண்ணீருக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது.

அந்தக் காற்றைக் கொஞ்சம் இழுத்து, ஈரத்தை நீக்கி, அகச்சிவப்பு அளவிக்கு அனுப்புகிறார்கள். கரியமில வாயு அகச்சிவப்புக் கதிரின் குறிப்பிட்ட அலைநீளங்களை உறிஞ்சும். ஒரு பக்கம் கதிரைச் செலுத்தி மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்தால், இடையில் எவ்வளவு வாயு இருந்தது என்று தெரியும். அளந்த காற்று மறுபடி ஈக்விலிபிரேட்டருக்கே திரும்பிவிடும்.

ஒப்பிடுவதற்கு வெளிக்காற்றும் வேண்டும். அதற்குக் கப்பலின் முன்பக்கத்திலிருந்து ஒரு நீண்ட மெல்லிய குழாய் வருகிறது. முன்பக்கத்தில் வைப்பது புகைபோக்கியிலிருந்து தள்ளியிருக்க. அப்படி வைத்தும், பின்காற்று அடிக்கும் நாள்களில் கப்பலின் புகை முன்னால் வந்துவிடும். அந்த நேரத்து அளவீடுகளைப் பிறகு கழித்துவிட வேண்டியதுதான்.

மூன்று நிமிடத்துக்கு ஒரு அளவீடு என்று வைத்துக்கொண்டால், 18 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டரில், போகும் கப்பல் இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு எண்ணைப் பதிவுசெய்துவிடும். எண்கள் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வந்துவிடுகின்றன.

தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பாதி

அகச்சிவப்பு அளவி நாளாக நாளாக நழுவும். என்ஜின் ரூம் சூடானால் ஒரு மாதிரி, குளிர்ந்தால் ஒரு மாதிரி காட்டும். இது எல்லோருக்கும் தெரிந்த குறை, அதற்கு மருந்தும் உண்டு. கருவிக்குப் பக்கத்தில் வரிசையாகச் சில சிலிண்டர்கள் நிற்கும். அவற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்பது முன்கூட்டியே மிகத் துல்லியமாகத் தெரியும். இவற்றைத் தர வாயு என்கிறோம். உலக வானிலை அமைப்பின் அளவுகோலுக்கு ஒத்துப்போகும்படி இவற்றை அளந்து கொடுப்பது அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, கொலராடோ மாநிலத்தின் போல்டரில் உள்ள அதன் ஆய்வகத்தில்.

சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வால்வுகள் தானாகத் திரும்பும். ஒவ்வொரு தர வாயுவும் அளவிக்குள் போகும். அளவி காட்டுவதற்கும் சிலிண்டரின் உண்மை எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பதிவாகும். பிறகு கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

இந்தத் தானியங்கிச் சோதனையைப் பார்த்துத்தான் ‘கருவி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்ற எண்ணம் வருகிறது. சிலிண்டரிலும் கவனம் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் மிகவும் இறங்கும்வரை பயன்படுத்தினால், சிலிண்டரின் உள்சுவரில் ஒட்டியிருந்த வாயு பிரிந்து வந்து அளவையே மாற்றிவிடும். அதனால் கணிசமாக மிச்சம் இருக்கும்போதே கழற்றிவிடுவார்கள். புதுசு மாட்டும்போது ரெகுலேட்டரில் அடைந்திருக்கும் என்ஜின் ரூம் காற்றைப் பலமுறை வெளியேற்றிவிட்டுத்தான் இணைக்க வேண்டும்.

ஆனால் பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

சோதனைக்குச் சிக்காத மறுபாதி

தர வாயு எந்த வழியாகப் போகிறது என்று கவனியுங்கள். சிலிண்டரிலிருந்து நேராக அளவிக்குப் போகிறது. ஈக்விலிபிரேட்டருக்குள் போவதே இல்லை. ஃபில்டர், தண்ணீர்க் குழாய், ஷவர் தலை, வெப்பமானி எதையும் அது தொடுவதில்லை. ஆகவே தண்ணீர்ப் பக்கத்தில் என்ன கோளாறு நடந்தாலும் தர வாயுச் சோதனை பிரமாதமாகத் தேறிவிடும். திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், எண் மட்டும் தவறாக இருக்கும். இந்தத் துறையில் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்.

ஃபில்டரிலிருந்து தொடங்கலாம். கடல்நீரோடு பாசி, மிதவை உயிர்கள், துரு எல்லாம் வந்து சேரும். பாசி பெருகும் காலத்தில் ஃபில்டர் வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஒரேயடியாக நின்றுபோனால் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். மெல்ல மெல்லக் குறைவதுதான் ஆபத்து. ஷவர் வலுவிழந்து துளிகள் பெரிதாகும். காற்று சமநிலைக்கு வர அதிக நேரம் எடுக்கும். கருவியோ வழக்கமான நேரத்திலேயே அளந்துவிடும். விளைவு, இப்போதைய கடலின் எண்ணுக்குப் பதில் சில கிலோமீட்டருக்கு முந்தைய கடலின் சாயல் கலந்த எண் கிடைக்கும். அதோடு, மெதுவாக வரும் தண்ணீர் சூடான குழாயில் கூடுதல் நேரம் கிடப்பதால் இன்னும் சூடாகிறது.

அந்தச் சூடு தனிப் பிரச்சினை. கடலில் இருக்கும்போது தண்ணீரின் வெப்பநிலை ஒன்று, ஈக்விலிபிரேட்டருக்கு வந்து சேரும்போது இன்னொன்று. அதனால் இரண்டு இடத்திலும் வெப்பமானி வைத்து, முன்பு சொன்ன 4.23 சதவீதக் கணக்கின்படி திருத்துகிறார்கள். வெப்பமானியே 0.1 டிகிரி பிசகினால் சுமார் 1.7 மைக்ரோ அட்மாஸ்பியர் பிழை வந்துவிடும். இந்தத் துறையில் தரமான அளவீடு என்றால் பிழை 2-க்குள் இருக்க வேண்டும். ஒரு வெப்பமானியின் சின்னப் பிசகு கிட்டத்தட்ட முழு ஒதுக்கீட்டையும் தின்றுவிடுகிறது! அதனால்தான் வெப்பமானிகளை அவ்வப்போது கழற்றி, ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்குகிறார்கள்.

அடுத்தது கசிவு. ஈக்விலிபிரேட்டர் மூடியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தாலோ, அதிர்வில் ஒரு குழாய் இணைப்பு தளர்ந்தாலோ, என்ஜின் ரூம் காற்று உள்ளே நுழையும். ஆள் மூச்சும் என்ஜின் புகையும் கலந்த அந்தக் காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிட அதிகமாகவே இருக்கும். கொஞ்சம் நுழைந்தாலும் எண் ஏறிவிடும். கண்டுபிடிக்கும் முறை எளிது. குழாயின் ஒரு முனையை அடைத்துவிட்டு வாயு ஓட்டம் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கவில்லை என்றால் எங்கோ ஓட்டை. பிறகு ஒவ்வொரு இணைப்பாக அடைத்துப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். பொறுமை மட்டும்தான் தேவை.

கடைசியாக, குழாயின் உள்சுவரில் படியும் வழவழப்பு. அது வெறும் அழுக்கல்ல, உயிருள்ள நுண்ணுயிர்ப் படலம். அது மூச்சுவிடுகிறது, கரியமில வாயுவை வெளியிடுகிறது. கடலில் இல்லாத வாயு குழாயில் சேர்ந்துவிடும். குழாயைக் கழுவ வேண்டும், வேறு வழி கிடையாது.

சுருக்கமாகச் சொன்னால், அளவியின் நழுவலைத் தர வாயு பிடித்துவிடும். அடைப்பு, வெப்பமானிப் பிசகு, கசிவு, படலம் நான்கையும் அது பிடிக்காது. இவற்றை ஒரு ஆள் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

இந்தச் சில மைக்ரோ அட்மாஸ்பியருக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். உலகக் கடல் முழுவதையும் சராசரி எடுத்தால், காற்றுக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசமே சில மைக்ரோ அட்மாஸ்பியர்தான். அந்த 1,000 கோடி டன் இந்தச் சிறு வித்தியாசத்தில் நிற்கிறது. ஒரு கசிவு 5 கூட்டிக் காட்டினால், வாங்கிக்கொண்டிருக்கும் கடல் சும்மா இருப்பதாகத் தெரியும்.

துறைமுகத்தில் கிடைக்கும் நேரம்

சரக்குக் கப்பல் ஆராய்ச்சிக்காக நிற்காது. சரக்கு இறங்கி ஏறும் நேரம்தான் டெக்னீஷியனுக்குக் கிடைக்கும் நேரம். சில இடங்களில் ஒரு பகல், சில இடங்களில் அதுவும் இல்லை. கப்பல் வந்த பிறகு என்ன பழுது என்று தேட முடியாது. முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் தினமும் கரைக்கு வரும் எண்களை உட்கார்ந்து பார்க்கிறார்கள். பகுதி அழுத்தத்தைவிட முதலில் பார்ப்பது தண்ணீர் ஓட்டம், வாயு ஓட்டம், இரண்டு வெப்பமானிகளுக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவற்றை. தண்ணீர் ஓட்டம் நாளுக்கு நாள் சரிந்தால் ஃபில்டர். வெப்பநிலை வித்தியாசம் திடீரென்று கூடினால் குழாயில் ஏதோ அடைப்பு. வெளிக்காற்றின் எண்ணே வழக்கத்துக்கு மாறாக ஏறியிருந்து, புகையும் காரணமில்லை என்றால், முன்பக்கத்திலிருந்து வரும் குழாயில் எங்கோ வெட்டு. இப்படி நோயை ஊகித்து, அதற்கான உதிரிப் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டுதான் கப்பலில் ஏறுவார்கள்.

ஏறியதும் கருவியை நிறுத்தி, ஷவர் தலையைக் கழற்றி, துளைகளைச் சுத்தம் செய்து, நல்ல தண்ணீரால் அலசி, சிலிண்டரை மாற்றி, கசிவு பார்த்து, கப்பல் புறப்படுவதற்குள் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். துறைமுகத்துச் சேற்றுத் தண்ணீரும் எண்ணெய்ப் படலமும் உள்ளே போகாதபடி, கரையை நெருங்கும்போதே தண்ணீரை நிறுத்திவிடுவது வழக்கம். எல்லாவற்றையும்விடப் பயப்படுவது ஈக்விலிபிரேட்டர் நிரம்பி வழிந்து, கடல்நீர் வாயுக் குழாய் வழியாக அளவிக்குள் போய்விடுவதை. உப்புத் தண்ணீர் பட்ட அளவி பெரும்பாலும் தப்பாது. அதற்காகவே வழியில் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் பொறிகளும் உணரிகளும் வைத்திருக்கிறார்கள். அவை வேலை செய்கின்றனவா என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

கப்பல்காரர்கள்

நடுக்கடலில் ஃபில்டர் அடைத்தால் கழுவுவது யார்? என்ஜின் ரூமில் டியூட்டி பார்க்கும் இன்ஜினியர்தான். அது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லாத வேலை. கரையிலிருந்து ஒரு மெயில் போகும், ‘தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கிறது, நேரம் கிடைக்கும்போது ஃபில்டரைக் கழுவ முடியுமா’ என்று. அவர் தன் வேலைக்கு நடுவே போய்க் கழுவுவார். இந்தத் தரவுத் தொடர்கள் அறுபடாமல் வருவதற்கு அவர்கள்தான் காரணம். அவர்களுக்குப் போதுமான நன்றி சொல்லப்படவில்லை என்பது என் கருத்து. நல்ல டெக்னீஷியன்கள் துறைமுகத்தில் ஏறும்போது கப்பல் இதுவரை அளந்த கடலின் வரைபடத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதில் பெரிய பலன் உண்டு. எதற்காகக் கழுவுகிறோம் என்று தெரிந்த ஆள் கழுவும் விதமே வேறு.

இப்படிச் சேரும் எண்கள் ‘சாகேட்’ என்ற உலகளாவிய கடல்பரப்புத் தொகுப்புக்குப் போகின்றன. 2011-இல் முதன்முதலாக வெளியான அந்தத் தொகுப்பில் இப்போது 3 கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பயணத்தின் தரவுக்கும் தரக்குறியீடு உண்டு: பிழை 2 மைக்ரோ அட்மாஸ்பியருக்குள் இருந்தால் மேல் வரிசை, 5-க்குள் என்றால் அடுத்தது. பராமரிப்புக் குறிப்புகள் ஒழுங்காக இல்லாத பயணத்துக்கு மேல் வரிசை கிடைக்காது.

சரக்குக் கப்பலை நம்புவதில் ஒரு பலவீனமும் உண்டு. கம்பெனி கப்பலை விற்கலாம், வழியை மாற்றலாம். அப்போது பல ஆண்டுத் தொடர் அந்த இடத்தில் அறுந்துவிடும். புதுக் கப்பல் தேடி, குழாய் போட அனுமதி வாங்கி, பழுதுபார்க்க உலர்துறையில் (தண்ணீர் வடித்த கப்பல் பட்டறையில்) அது நிற்கும் நேரம் பார்த்து மீண்டும் பொருத்த வேண்டும். 2017-க்குப் பிறகு தொகுப்புக்கு வரும் ஆண்டு அளவீடுகள் குறைந்துவருவது இதனால் மட்டுமல்ல, நிதி இல்லாமையும் கோவிட் காலத்தில் கப்பலில் ஏற முடியாமல் போனதும் சேர்ந்துகொண்டன.

அந்தத் தொகுப்பின் வரைபடத்தில் வட அட்லாண்டிக்கும் வட பசிபிக்கும் கோடுகளால் அடர்ந்திருக்கும். இந்தியப் பெருங்கடலில் பெரும் பகுதி வெறுமையாகக் கிடக்கிறது, வங்காள விரிகுடாவும் அதில் சேர்த்தி. இத்தனைக்கும் இலங்கைக்குத் தெற்கே போவது உலகிலேயே நெரிசலான கப்பல் வழிகளில் ஒன்று. கப்பலுக்குப் பஞ்சமில்லை. தேவைப்படுவது கருவியும், கொழும்பிலோ சென்னையிலோ தூத்துக்குடியிலோ கப்பல் கட்டியிருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் ஏறி ஷவர் தலையைக் கழற்றத் தெரிந்த ஆள்களும்தான்.